கொசு கடிக்காமலிருக்க இயற்கை வழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். கொசு என்னை மட்டும் ஏன் தேடி வந்து கடிக்கிறது?

பிரமை என்று மற்றவர்கள் சிரிக்கலாம்; ஆனால் உங்கள் புகார் நியாயமானதுதான். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாக இரத்தத்திலுள்ள புரதம் அதற்குத் தேவைப்படுகிறது. மற்றபடி ஆணுக்கும் பெண்ணுக்கும் அன்றாட உணவு பூந்தேனும் செடிச்சாறும்தான்.

பெண் கொசு நம்மைக் கண்டுபிடிப்பது படிப்படியாக நடக்கிறது. பல மீட்டர் தொலைவில் நாம் வெளிவிடும் கரியமில வாயு அதற்கு முதல் தகவல் கொடுக்கிறது. கொஞ்சம் நெருங்கியதும் தோலின் வாசனை வழிகாட்டுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் உடற்சூடும் வியர்வையின் ஈரமும் எங்கே இறங்குவது என்று சொல்லிவிடுகின்றன. இதில் இரண்டாவது கட்டம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களின் முன்கையில் நைலான் உறையை அணிவித்து, அதில் படிந்த வாசனையைக் கொசுக்களுக்குக் காட்டினார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் சுரப்பவர்களை நோக்கியே கொசுக்கள் பறந்தன. மிகவும் பிடித்தவருக்கும் சற்றும் பிடிக்காதவருக்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம் இருந்தது. ஆண்டுகள் கடந்தும் அந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

கர்ப்பிணிகளைக் கொசு அதிகம் நாடுகிறது. மூச்சுக்காற்று கூடுவதும் வயிற்றுப் பகுதியின் சூடு சற்று உயர்வதும் அதற்குக் காரணங்கள். பீர் குடித்தவர்களிடம் மலேரியா கொசு கூடுதலாக ஈர்க்கப்பட்டதை 2010இல் புர்கினா பாசோவில் நடந்த ஆய்வு காட்டியது. ‘ஓ’ வகை இரத்தம் என்றால் அதிகம் கடிக்கும் என்பதற்கு ஒரு சிறிய ஜப்பானிய ஆய்வு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது; அதை எல்லோரும் ஏற்கவில்லை. ‘இனிப்பு இரத்தம்’ என்பது வெறும் பேச்சு.

அப்படியானால் நன்றாகக் குளித்தால் போதுமா?

ஓரளவு உதவும். தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையைச் சிதைக்கும்போதுதான் கொசுவுக்குப் பிடித்த வாசனைகள் உண்டாகின்றன. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே என்ற கொசு பாதத்தையும் கணுக்காலையுமே அதிகம் தேர்ந்தெடுக்கிறது. எனவே மாலையில் வெளியே உட்காரும் முன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுவது வீண்வேலை இல்லை.

சோப்பின் நறுமணம் மட்டும் எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளும். ஒரே சோப்பு ஒருவரிடம் கொசுவைக் குறைத்தது, இன்னொருவரிடம் கூட்டியது என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது.

பூண்டு சாப்பிட்டால், வைட்டமின் பி மாத்திரை போட்டால் கொசு அண்டாதாமே?

அண்டும். இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பயனில்லை. பூண்டு தின்றவரிடமிருந்து மனிதர்கள் வேண்டுமானால் விலகி உட்காரலாம்.

தாவர எண்ணெய்களில் எதுதான் உண்மையில் வேலை செய்கிறது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: எது, எத்தனை நிமிடம் வேலை செய்கிறது? வாசனையுள்ள எண்ணெய் எதைப் பூசினாலும் முதல் பத்து நிமிடம் கொசு தயங்கும். பாட்டிலின் மீது ‘கொசுவை விரட்டும்’ என்று அச்சிட அந்தப் பத்து நிமிடமே போதும். உங்களுக்குத் தேவைப்படுவதோ மாலை முழுவதும்.

2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்து பூசிய கையைக் கொசுக்கூண்டுக்குள் விட்டு முதல் கடி எப்போது விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 23.8 சதவீத டீட் என்ற செயற்கை மருந்து சராசரியாக 301 நிமிடம் தாங்கியது. இரண்டு சதவீதம் சோயா எண்ணெய் கலந்த பூச்சு ஏறத்தாழ 95 நிமிடம் தாங்கியது. எல்லோரும் இயற்கை என்றதும் நினைக்கும் சிட்ரோனெல்லா (எலுமிச்சைப்புல் இனத்துப் புல் ஒன்றின் எண்ணெய்) பூச்சுகள் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வாசனைப் பட்டைகள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பட்டை கட்டிய மணிக்கட்டின் நிலையே அது என்றால் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிட்ரோனெல்லாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் மூலக்கூறுகள் வேகமாக ஆவியாகிப் போகின்றன. அந்த ஆவிதான் கொசுவை விரட்டுகிறது, அதே ஆவியாதல்தான் அதன் ஆயுளையும் முடித்துவிடுகிறது. கனமான எண்ணெயுடன் கலந்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசும் பொறுமை இருந்தால் பயன்படுத்தலாம்.

தாவர வழியில் வந்தவற்றுள் நம்பிப் பூசக்கூடியது ஒன்று உண்டு. எலுமிச்சை மணம் வீசும் தைலமரம் ஒன்றின் இலையிலிருந்து எடுத்துச் செறிவூட்டிய எண்ணெய் அது. அதிலுள்ள பிஎம்டி என்ற பொருள் எளிதில் ஆவியாகாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005இலிருந்து இதைப் பரிந்துரைக்கிறது. குறைந்த செறிவுள்ள டீட் அளவுக்கு இது காக்கும். ஆனால் இங்கே ஒரு குழப்பம். நறுமணச் சிகிச்சைக்காக விற்கும் சாதாரண எலுமிச்சைத் தைல எண்ணெயில் பிஎம்டி மிகக் குறைவு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் அதை வாங்கிப் பூசிவிட்டு, இயற்கை மருந்தே பொய் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பிஎம்டி என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று சொல்லியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூனைகளுக்குப் பித்துப் பிடிக்கவைக்கும் கேட்னிப் செடியிலுள்ள நெபெடலாக்டோன் என்ற பொருளும் கொசுவை விரட்டுகிறது. நமக்கு எரிச்சலை உணர்த்தும் ஏற்பி போன்ற ஒன்றைக் கொசுவின் உடலில் அது தூண்டிவிடுகிறது என்று 2021இல் கண்டறிந்தார்கள். பூசிக்கொண்டு பூனை வளர்க்கும் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வேப்பெண்ணெய்?

தேங்காயெண்ணெயில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து பூசும் முறை, இரவில் கடிக்கும் அனாபிலிஸ் கொசுவிடம் நல்ல பலன் தந்ததாகக் கள ஆய்வுகள் உண்டு. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவிடம் பலன் குறைவாகவே கிடைத்தது. ஆகவே மலேரியா உள்ள இடத்தில் கொசுவலைக்குத் துணையாக இருக்கட்டும்; டெங்கு பரவும் காலத்தில் இதை மட்டும் நம்ப வேண்டாம். வாசனை பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் இது விரட்டும் என்பது தனிக்கதை.

ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

எலுமிச்சம்பழத்தைத் தோலில் தேய்க்கலாமா? பாதியாக வெட்டிக் கிராம்பு குத்தி மேசைமேல் வைக்கலாமா?

தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளம் போடும். பிறகு பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கொசுக்கடிக்கு இது எவ்வளவோ மோசமான மாற்று. மேசைமேல் வைப்பதால் கெடுதல் இல்லை, அழகாக இருக்கும். அந்தப் பழத்தின் மீது கொசு உட்காராது என்று வேண்டுமானால் உறுதி தரலாம்.

துளசி, எலுமிச்சைப்புல், செண்டுமல்லி போன்ற செடிகளைச் சன்னலோரம் வளர்த்தால்?

செடி தன் எண்ணெயை இலைக்குள் பூட்டிவைத்திருக்கிறது. கசக்கினால்தான் அது வெளியே வரும். ‘கொசுவிரட்டிச் செடி’ என்ற பெயரிலேயே விற்கப்படும் ஒருவகை ஜெரேனியத்தைச் சோதித்தபோது, கொசுக்கள் அதன் இலைமீதே சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. செடி வளருங்கள், நல்லது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் மட்டும், கொசுவை விரட்ட வாங்கிய செடியே கொசுவுக்குப் பிரசவ அறை ஆகிவிடும்.

எதையும் பூசாமல், புகைக்காமல் தப்பிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. என்னைக் கேட்டால் இயற்கை வழி என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். காற்று, துணி, வலை: இந்த மூன்றுக்கும் வாசனை கிடையாது, விளம்பரமும் கிடையாது.

முதலில் காற்று. கொசு மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். நாம் நடப்பதைவிட மெதுவான வேகம் அது. ஒரு சாதாரண மேசை மின்விசிறியின் காற்றை எதிர்த்து அதனால் நிலையாகப் பறக்க முடியாது. கூடவே, நம் மூச்சையும் தோல் வாசனையையும் மின்விசிறி கலைத்துவிடுவதால் கொசுவுக்குத் தடம் தப்பிப்போகிறது. காற்று எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைக்கு மேல் சுழலும் விசிறியின் காற்று மேசைக்கு அடியில் போகாது, கால் மாட்டிக்கொள்ளும். தரையோரமாகக் காலை நோக்கி ஒரு சிறிய விசிறியைத் திருப்பி வையுங்கள். வித்தியாசம் அன்று மாலையே தெரியும்.

அடுத்தது துணி. கை காலை மூடும் தளர்வான ஆடை வேண்டும். உடலை இறுக்கும் மெல்லிய துணி பயன்படாது, ஊசி துணியைத் துளைத்து உள்ளே போய்விடும். நிறத்திலும் விஷயம் இருக்கிறது. கரியமில வாயுவை முகர்ந்த பிறகு ஏடிஸ் கொசு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறப்பதையும், வெள்ளை, பச்சை, ஊதா நிறங்களைப் பொருட்படுத்தாததையும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2022இல் காட்டியது. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் கொசுவின் கண்ணுக்குச் செம்மையாகவே தெரியும் என்பதும் அதில் சேர்த்தி. தோலை மறைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

பிறகு கொசுவலை. ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 1.2 மில்லிமீட்டர் இருந்தால் காற்றும் வரும், கொசுவும் வராது. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுவது பலருக்கும் தெரியும். தூக்கத்தில் முழங்கையோ முழங்காலோ வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு வெளியே இருந்தபடியே விருந்து சாப்பிட்டுப் போகும் என்பது காலையில்தான் புரிகிறது. எனவே கட்டிலைவிட அகலமான வலையாக வாங்குங்கள். படுக்கும் முன் உள்ளே ஏற்கெனவே ஒன்று மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதனோடு நீங்களும் சேர்ந்து சிறைப்பட்டிருப்பீர்கள்.

வேப்பிலைப் புகை போடுவது, சுருள் கொளுத்துவது இயற்கையான வழிதானே?

புகை கொசுவைக் குழப்பும் என்பது உண்மை. அதே புகை உங்கள் நுரையீரலுக்கும் போகிறது என்பதும் உண்மை. எரிவது வேப்பிலையா வேறு இலையா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. நுண்துகள் எல்லாம் அதற்கு ஒன்றுதான். கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில், குழந்தையின் தலைமாட்டில், இரவு முழுவதும் அதைக் கொளுத்தி வைக்கும் வழக்கத்தை நினைத்தால் எனக்குக் கொசுவே தேவலை என்று தோன்றுகிறது.

திறந்தவெளியில் சிறிது நேரம் புகை போடுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் காற்று வீசும் இடத்தில் புகை நிற்காது. காற்று வீசினால் கொசுவும் நிற்காது, புகையே வேண்டியதில்லை.

கொசு எந்த நேரத்தில் கடிக்கும்?

எந்தக் கொசு என்பதைப் பொறுத்தது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும்; காலை விடிந்த சில மணி நேரமும் அந்திக்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு மும்முரமான வேளை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸும், யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸும் இருட்டிய பிறகு வரும். மாலை ஆறு மணிக்குச் சன்னலைச் சாத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களை ஏடிஸ் காலையிலேயே பார்த்துவிட்டுப் போயிருக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

வீட்டைச் சுற்றி என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். பாட்டில் மூடி அளவு தண்ணீரில்கூடக் கொசுப்புழு வளரும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டால், எந்தப் புழுவும் சிறகு முளைக்கும் வயதை எட்டாது.

கவிழ்ப்பது மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு நீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் எட்டு மாதம் வரை உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்கு நிரம்பியதும் பொரியும். சொரசொரப்பான பிரஷால் உட்சுவரை அழுத்தித் தேய்த்தால்தான் கணக்குத் தீரும்.

பூந்தொட்டித் தட்டு, கழற்றிப் போட்ட டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏர்கூலர், இலை அடைத்த கூரைக்காலுவாய், மடிந்து கிடக்கும் தார்ப்பாய், யாரும் பயன்படுத்தாத கழிவறை: இவற்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததுதான். அடுத்த வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது இந்தப் பக்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வடிக்க முடியாத குளம், தொட்டி இருந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்தலாம். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனக் குட்டை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. கொசுப்புழுவும் அதன் நெருங்கிய உறவுகளும் இதை விழுங்கினால் குடல் கிழிந்து சாகும். மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது.

மீன், தும்பி, வௌவால் கொசுவைத் தின்றுவிடாதா?

தொட்டியில் விட்ட கப்பி மீன் புழுக்களை நன்றாகவே தின்னும். கம்பூசியா மீனும் தின்னும்; ஆனால் அதை ஆறு குளங்களில் விட்டுவிடாதீர்கள், உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்றுவிடும். தும்பியின் இளம்பருவம் நீருக்குள் கழிகிறது, அப்போது அதற்குக் கொசுப்புழு நல்ல இரை. வௌவாலுக்குக் கொசு கொறிப்புத் தீனி மட்டுமே. வயிறு நிரம்ப அது பெரிய பூச்சிகளைத் தேடும்.

கேளா ஒலிக் கருவி? நீல விளக்குப் பொறி?

கேளா ஒலிக் கருவிகளைப் பற்றிய பத்துக் கள ஆய்வுகளை 2007இல் ஒருசேரப் பரிசீலித்தார்கள். ஒன்றில்கூடப் பலன் இல்லை. நீல விளக்குப் பொறிகளைப் பற்றி 1996இல் வெளியான டெலவேர் பல்கலைக்கழக ஆய்வில், செத்து விழுந்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் பூச்சிகள் வெறும் 31. மீதியெல்லாம் வழிதவறிய அப்பாவிகள்.

இயற்கையானது என்றால் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் பூசலாம்தானே?

கூடாது. பிஎம்டி உள்ள தைல எண்ணெயை மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பூசக்கூடாது. கற்பூரமும் தைல எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரும், எனவே எட்டாத இடத்தில் வையுங்கள். எந்த வாசனை எண்ணெயையும் நீர்க்கச் செய்யாமல் தோலில் ஊற்றாதீர்கள். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் காத்திருங்கள். கைக்குழந்தைக்கு வலையும் முழுக்கை ஆடையும் போதும்.

டீட் பற்றியும் ஒரு வார்த்தை. 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957இலிருந்து பொதுமக்கள் பயன்பாட்டில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட காலம் கண்காணிக்கப்பட்ட கொசுவிரட்டி வேறில்லை. பிகாரிடின் என்ற இன்னொன்று மிளகிலுள்ள பைப்பரின் மூலக்கூறை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டது. டெங்குவோ மலேரியாவோ பரவும் இடத்துக்குப் போகும்போது நான் இவற்றில் ஒன்றைத்தான் எடுத்துச் செல்வேன், சிட்ரோனெல்லாவை அல்ல.

கடித்துவிட்டது. அரிப்பு தாங்கவில்லை. என்ன செய்வது?

இரத்தம் உறையாமலிருக்கக் கொசு செலுத்தும் உமிழ்நீருக்கு நம் உடல் காட்டும் எதிர்ப்புத்தான் அரிப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடம் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவினாலும் அடங்கும். சொறிந்தால் வீக்கம் கூடும், நகத்தின் அழுக்கு புண்ணாக்கும்.

கடித்த சில நாளில் காய்ச்சல் வந்தால்?

கைவைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும்வரை ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைத் தொடக்கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் எடுக்கலாம். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் இரத்தம் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாட்களில்தான் தொடங்கும்.